விடுவதென்றால் ஏன் பிடிக்க வேண்டும்? ஈத்தூண்டிலும் ட்ரவுட்டும் எங்கள் குளத்து விராலும்

2024 யூலை 14 – மாங்குளத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

கனடாவிலிருந்து வந்திருக்கும் மாமா, ஒன்பது அடி நீளத் தூண்டிலோடு முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போனார். புழு இல்லை, மிதப்பு இல்லை. இறகு சுற்றிய முள் ஒன்றைச் சாட்டை சுழற்றுவதுபோல் வீசிக்கொண்டே நின்றார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முழங்கை நீள விரால் ஒன்று அகப்பட்டது. படம் எடுத்தார், திரும்பவும் குளத்தில் விட்டுவிட்டார்! குளக்கட்டில் நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவருடைய ஊரில் ட்ரவுட் மீனை இப்படித்தான் விடுவார்களாம். அம்மா கேட்கிறார்: விடுவதென்றால் ஏன் பிடிக்க வேண்டும்? எனக்கு இரண்டு கேள்விகள். விட்ட மீன் உண்மையில் பிழைக்குமா? அந்த ட்ரவுட்டை இரணைமடுக் குளத்தில் வளர்க்கலாமா?

2024 யூலை 14, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது.

ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கும். 25 பாகையை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. இரணைமடுவின் மேல்நீர் வெயில் நாளில் 30 பாகையைத் தொடும். சூடு மட்டுமா? சூடான நீரில் ஒட்சிசனும் குறைவு. 10 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும்; 30 பாகையில் ஏழரைதான். ட்ரவுட்டை இங்கே கொண்டுவந்து விடுவது, பனிக்கரடியை ஓமந்தையில் கட்டிப்போடுவதற்குச் சமம்.

இலங்கையில் ட்ரவுட் இல்லாமலில்லை. 1880களில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் முதலில் பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள், அது நிலைக்கவில்லை. பிறகு வந்த வானவில் ட்ரவுட் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் வேர்பிடித்தது. ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம். நாங்கள் இருப்பது எங்கே?

முதல் கேள்விக்குப் பதில் நீளமானது. நாளைக்கோ மறுநாளோ எழுதுகிறேன். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

2024 யூலை 15

'ஈத்தூண்டில்' என்று நான் எழுதியதைப் பார்த்து ஒருவர் சிரித்திருக்கிறார். வேறு சொல் இருந்தால் தாருங்கள். முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈயைப்போல், பூச்சியைப்போல், சிறு மீனைப்போல் செய்கிறார்கள். அந்த 'ஈ'க்கு எடையே இல்லை. தடித்த கயிறு ஒன்றின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. கயிற்றுக்கும் ஈக்கும் நடுவில் மெல்லிய தங்கூசி, அதாவது நைலோன் நரம்பு. ஆகவே மாமா வீசியது ஈயை அல்ல, கயிற்றை.

மாமா கனடாவில் என்ன செய்கிறார் என்று அயலவர் கேட்டால், ஈ ஓட்டுகிறார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

2024 யூலை 17

சரி, விட்ட மீன் பிழைக்குமா?

நான் ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில், கடையொன்றில் வேலை செய்த காலத்தில் இதைக் கற்றேன். லொக் லீவன் என்று ஓர் ஏரி. அதன் நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு கோட்டை. 1567 இல் ஸ்கொட்லாந்தின் மேரி அரசியை அங்கேதான் சிறைவைத்தார்கள். அடுத்த ஆண்டே தப்பிவிட்டார். அந்த ஏரியின் பழுப்பு ட்ரவுட்டுக்கு உலகமெங்கும் பெயர். காற்றுக்குக் குறுக்காகப் படகை மிதக்கவிட்டு, முன்னால் வீசி, கயிற்றை மெல்ல மெல்ல இழுப்பார்கள். துடுப்புப் போடுவது கிடையாது. காற்று கொண்டுபோகும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஒரு நாள் முழுவதும் எதுவும் அகப்படாமல் வீடு திரும்புவது சாதாரணம்.

என் முதல் மீன் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். மே மாதம், ஆனாலும் நடுக்கும் குளிர். கையில் கம்பளிக் கையுறை. மீனைத் தூக்கினேன், வயிற்றை இறுக்கிப் பிடித்தேன், படம் எடுக்கச் சொன்னேன். முதல் படத்தில் என் கண் மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். பிறகு தண்ணீரில் போட்டேன். சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்: விடவில்லை, போட்டேன். ஒரு சாண் ஆழத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது. வாலை இரண்டு முறை அசைத்தது. படகு காற்றோடு நகர்ந்துவிட, அந்த வெள்ளைப் புள்ளி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கடற்காகம் வந்து இறங்கியது.

படகில் என்னோடு இருந்த ஸ்கொட்லாந்து முதியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வெறுங்கையை ஏரிக்குள் அமிழ்த்தி எடுத்து, நீர் சொட்டச் சொட்ட என் முகத்துக்கு நேரே காட்டினார். அவ்வளவுதான் பாடம்.

மீனின் மேல் இருக்கும் வழும்பு அதற்குத் தோலுக்கு மேல் ஒரு தோல். உலர்ந்த கையோ கம்பளியோ பட்டால் உரிந்து வந்துவிடும். உரிந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றைக்கு நீந்திப் போகும் மீன் பத்து நாள் கழித்துச் சாகும், அதை நாம் பார்க்கப்போவதில்லை. ஈரக்கை என்பது அதற்காகத்தான்.

அவரிடம் பிறகு பார்த்துப் பழகியவை: முள்ளில் எதிர்த்து நிற்கும் குட்டிக் கூர்முனையை (நான் எதிர்முள் என்பேன்) வீட்டிலேயே குறடால் நசுக்கிவிடுவார். அப்போது முள்ளை ஒரு திருப்பில் கழற்றலாம். நுனித் தங்கூசியை மெல்லியதாகப் போடமாட்டார். மெல்லிய தங்கூசியில் பெரிய மீனை இருபது நிமிடம் ஓடவிட்டு மகிழ்பவர்களை அவருக்குப் பிடிக்காது; அவர்கள் விடுவது பாதிப் பிணம் என்பார். முடிச்சுப் போட்ட நைலோன் வலை செதிலையும் துடுப்பையும் கிழிக்கும். றப்பர் பூசிய வலை வேண்டும். மீன் வலைக்குள், வலை தண்ணீருக்குள். முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே குறடால் கழற்றுவார். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டமாட்டார், தங்கூசியை வாயருகே வெட்டிவிடுவார். படம் வேண்டுமென்றால் கமரா தயாரான பிறகுதான் மீன் மேலே வரும்.

விடுகிற விதமும் அப்படித்தான். ஓடையென்றால் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடிக்கலாம். ஏரியில் ஓட்டம் இல்லை. சிலர் மீனை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி 'மூச்சுக் கொடுப்பார்கள்'. பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகிறது. அது உதவி அல்ல. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே கை, வாலடியில் மற்றக் கை. செவுள் திறந்து மூடுவது விரலில் தெரியும். முதலில் ஒழுங்கில்லாமல், பிறகு சீராக. ஒரு கட்டத்தில் வால் உங்கள் கையைத் தள்ளும். நீங்கள் விடவில்லை, அது போகிறது.

மாமாவுக்குச் சொல்லுங்கள், விராலுக்கும் இதே முறைதான். வலையோடு தண்ணீருக்குள் வைத்து, தெளிந்த பிறகு விடச் சொல்லுங்கள்.

2024 யூலை 18

'எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கலாம்?' என்று கேட்டிருக்கிறார்கள். 1992 இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு பலருடைய கண்ணைத் திறந்தது. வானவில் ட்ரவுட்டைக் களைக்கும்வரை துரத்தி, அப்படியே தண்ணீரில் விட்டபோது 12 சதவீதம் இறந்தன. துரத்திவிட்டு 30 விநாடி காற்றில் வைத்தபோது 38 சதவீதம். 60 விநாடி வைத்தபோது 72 சதவீதம்.

ஒரு நிமிடம். என் கண் மூடிய படமும் கண் திறந்த படமும் எடுக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

2024 யூலை 20

மேலே எழுதிய எண்களைப் பிடித்துக்கொண்டு இருவர் சண்டை பிடிக்கிறார்கள். பிழை என்னுடையது, பாதியைத்தான் சொன்னேன். அந்த மீன்கள் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பதற்காகக் குழாய் பொருத்தப்பட்டவை. ஏரியில் அகப்பட்டு இரண்டு நிமிடத்தில் கரைக்கு வரும் மீனுக்கு அதே சதவீதத்தைப் பொருத்தக் கூடாது. நல்ல குளிர்நீரில், கவனமாகக் கையாண்டால், பெரும்பாலானவை பிழைக்கின்றன. ஆனால் 30 விநாடிக்கும் 60 விநாடிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நிற்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீர் 20 பாகைக்கு மேலே போனால் என்ன செய்வது என்றும் கேள்வி. தூண்டிலை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. கோடையில் ஸ்கொட்லாந்தில் விடிகாலையில் மட்டும் போவோம். சூடான நாளில் 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ட்ரவுட் பிடிப்பது பொய்.

2024 யூலை 21

சூரிச்சிலிருந்து ஓர் அன்பர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு யோசித்தேன். சுவிற்சர்லாந்தில், விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதே சட்டப்படி குற்றம். 2009 முதல் அப்படி. பிடித்தால் உண்பதற்குப் பிடிக்க வேண்டும். விளையாட்டுக்கு மீனை வதைக்கக் கூடாது என்பது நியாயம்.

ஆக ரொறன்ரோ மாமா விட்டால் கனவான். அதையே சூரிச் சித்தப்பா செய்தால் குற்றவாளி. மாங்குளத்து அம்மாவின் கேள்விதான் சுவிஸ் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது! அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்காக இருக்கிறேன் இப்போதைக்கு.

2024 ஓகஸ்ட் 4

இந்தக் குறிப்பை எழுத வெட்கமாக இருக்கிறது.

மாங்குளத்துத் தம்பி நேற்றுத் தனிச்செய்தி அனுப்பினார். மாமா மீண்டும் ஒரு விரால் பிடித்திருக்கிறார். நான் எழுதியபடியே செய்தார்களாம். வலையோடு, வலையின் வாயைக் கட்டி, கல்லொன்று வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தியிருக்கிறார்கள், 'தெளிவதற்கு'. வெயில். தேநீர் குடிக்கக் கடைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. வலையைத் தூக்கினால் விரால் விறைத்துக் கிடந்தது.

மூழ்கிச் செத்திருக்கிறது. மீன்.

விரால் காற்றைக் குடிக்கும் மீன். செவுளுக்கு மேலே அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டுதான் கீழே போகும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். களைத்த மீன், சூடான நீர் என்றால் இன்னும் விரைவாக.

இது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டில் விரால் வாங்கினால் அம்மா உடனே வெட்டமாட்டார். பானையில் அரையடித் தண்ணீர் விட்டு, மேலே சுளகால் மூடி, சுளகின் மேல் அம்மிக் குழவியை வைப்பார். இரண்டு நாள் உயிரோடு இருக்கும். இரவில் அடுப்படிக்குள் 'பளக்' என்று சத்தம் கேட்கும். காற்றுக்கு வருகிறது என்பார். சந்தையில் ஈரச் சாக்குக்குள் துடிக்கும் விராலைப் பார்க்காத வன்னிப் பிள்ளை உண்டா? ஸ்கொட்லாந்தில் ட்ரவுட்டுக்குக் கற்றதை 'விராலுக்கும் இதே முறைதான்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த வரியை அழிக்கவில்லை; கிடக்கட்டும்.

அந்த விராலை என்ன செய்தார்கள் என்றும் கேட்டேன். குழம்பு. மாமா சாப்பிடவில்லையாம். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாராம்.

2024 ஓகஸ்ட் 11

எழுதுவதை விட்டுவிட்டு நானே போனேன். ஏழு ஆண்டுகளாகப் பரணில் கிடந்த தூண்டில். கயிற்றில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது.

ஓகஸ்ட் மாதம் ஈத்தூண்டிலுக்கு ஏற்ற காலம் அல்ல என்பதைக் குளக்கட்டில் ஏறிய முதல் நிமிடத்திலேயே சோளகக் காற்று சொல்லிவிட்டது. கயிற்றைப் பின்னால் வீசினால் முன்னால் வருகிறது. முன்னால் வீசினால் தோளில் வந்து விழுகிறது. தொப்பியில் ஒரு முறை, காதில் ஒரு முறை முள் ஏறியது. எதிர்முள்ளை நசுக்கியிருந்ததால் காதிலிருந்து சுலபமாக வந்தது. மீன் என்ன சொல்லும் என்று அப்போது புரிந்தது.

சிறுபோகத்துக்கு நீர் திறந்து, குளம் வற்றி, பட்ட மரங்களின் அடி வெளியே தெரிந்தது. காற்று மறைவான மூலையில், ஆம்பல் இலைகளுக்கு நடுவில், சேவல் இறகில் கட்டிய தவளையொன்றை இழுத்தேன். இழுத்தேன், நிறுத்தினேன். இலை ஒன்று மெல்ல உயர்ந்தது. அதன் அடியில் ஏதோ மூச்சு விட்டதுபோல் ஒரு குமிழ். பிறகு தண்ணீர் வெடித்தது.

விரால் ட்ரவுட்டைப்போல் ஓடுவதில்லை. கொடிக்குள் புதைந்துகொண்டு முரட்டுத்தனமாக இழுக்கும், மாட்டுக்கன்றைக் கயிற்றில் பிடித்ததுபோல். கரைக்குக் கொண்டுவந்து, ஈரக்கையால் பிடித்து, முள்ளைத் திருப்பினேன். கழன்றது. கைவிரலை வாய்க்குள் விடாதீர்கள், பல் இருக்கிறது. அது என் கையிலேயே வாயைத் திறந்து காற்றை விழுங்கியது. தொண்டை அசைந்தது தெரிந்தது. ட்ரவுட் என்றால் அந்த இடத்தில் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருக்கும். இது என்னை முறைத்துப் பார்த்தது.

ஆழமற்ற கரையில், தலை மேலே வரக்கூடிய இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன். போய்விட்டது. அவ்வளவுதான் விராலின் 'முறை': ஈரக்கை, முள்ளை மெதுவாகக் கழற்றல், மேலே வரத் தடையில்லாத இடம், உடனே விடுதல். வழும்பு விஷயம் மட்டும் இரண்டு மீனுக்கும் பொது.

2024 ஓகஸ்ட் 12

மறந்துவிட்டேன். ட்ரவுட் ஏரியில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நிற்பார்கள். இங்கே இறங்காதீர்கள். முதலை.

2024 செப்டெம்பர் 1

நெடுங்கேணியிலிருந்து ஓர் ஆசிரியை சற்றுக் கோபமாக எழுதியிருக்கிறார்: 'இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் இந்தக் குளத்து மீன்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி எல்லாம். பசி தெரியாதவர்களின் விளையாட்டு இது.'

மறுக்கமாட்டேன். விடியற்காலை வள்ளத்தில் போய் வலை எடுத்து, வந்ததை விற்று வீடு நடத்துபவரின் முன்னால் நின்று மீனை விடுவது எனக்கும் கூசுகிறது. அவர்களுடைய சங்கங்கள் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கும் குளங்கள் இவை. தூண்டிலோடு போகும் எவரும் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். அதை நான் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ஆசிரியைக்கு ஒரு மறுமொழி. எல்லா மீனையும் விடச் சொல்லவில்லை. திலாப்பியா அகப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அது 1952 இல் வெளியிலிருந்து வந்த மீன். பெருகுவதற்கு நம்முடைய கருணை தேவையில்லை, பொரித்தால் நல்ல ருசி. விரால் இந்த மண்ணுக்குரியது. அதில் பெரியதை, முக்கியமாக மழைக்குப் பிறகு, விட்டுப் பாருங்கள் என்கிறேன். விடுவதற்காகப் பிடிப்பதைவிட, தேவைக்கு இரண்டைப் பிடித்து எழுந்து போவது மேல் என்று இப்போது தோன்றுகிறது. யூலையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைக் கட்டி, விரல் நீளக் குஞ்சுவரை அள்ளுபவர்களைப் பற்றியும் ஆசிரியை இதே கோபத்தோடு எழுதினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

2024 டிசம்பர் 15

மழை. குளம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு எல்லோரும் இரணைமடு வான்கதவுச் செய்தியைக் கேட்டபடி இருக்கிறோம்.

இன்று எங்கள் பக்கத்துச் சிறு குளத்தில், துருசுக்கு (மதகுக்கு) அருகே, நீரின் மேல் செம்மஞ்சளாக ஒரு திட்டு. பாய் அளவு. கிட்டப் போனால் அசைகிறது. விரால் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில், ஒன்றாகக் காற்றுக்கு வருகின்றன, ஒன்றாக அமிழ்கின்றன. மழைத்துளி விழுவதுபோல் நீர் பொரிகிறது. அவற்றுக்குக் கீழே கறுப்பாக இரண்டு நிழல், தாயும் தந்தையும். கொக்கொன்று கரையில் இறங்கியது. ஒரு நிழல் கரைவரை வந்து தண்ணீரை அடித்தது. கொக்கு பறந்துவிட்டது.

மாங்குளத்துத் தம்பி, இப்போது அந்தத் தாயும் தந்தையும் கிட்ட வரும் எதையும் தாக்கும் வெறியில் இருக்கின்றன. எதை வீசினாலும் பாயும். அதனால்தான் சொல்கிறேன், வீசாதீர்கள். இரண்டு நிமிடம் அவற்றில் ஒன்றைக் கரையில் வைத்திருந்து, ஈரக்கையோடு, முறைப்படி, படம்கூட எடுக்காமல் விட்டாலும், அந்த இரண்டு நிமிடத்தில் திட்டுக்குள் என்ன புகுந்திருக்கும் என்று யோசியுங்கள்.

2025 சனவரி 19

மாமா ரொறன்ரோவிலிருந்து தம்பியின் மூலம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: வளைவோடு முள்ளை வெட்டிவிட்டு வீசினால் என்ன? அங்கே சிலர் செய்கிறார்களாம். மீன் பாயும், கவ்வும், துப்பும். கழற்ற எதுவும் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் இதுதான் கிட்டத்தட்ட நேர்மையானது. பிடிக்காவிட்டால் விடவும் வேண்டாம்.

இன்று மாலை முத்தையன்கட்டில் செய்து பார்த்தேன், குஞ்சு இல்லாத பக்கத்தில். பெட்டியில் இருந்த தவளை ஈக்களில் ஒன்றின் வளைவைக் குறடால் நறுக்கினேன். ஒன்றரை மணி நேரம். இரண்டு முறை நீர் வெடித்தது. இரண்டு முறையும் தூண்டில் ஒரு நொடி வளைந்து நிமிர்ந்தது. கை நடுங்கியது என்னவோ உண்மை. இறகு பாதி போய்விட்டது.

குளக்கட்டில் சைக்கிளோடு இரண்டு பையன்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இறங்கிவந்து ஈயைக் கையில் வாங்கிப் பார்த்தான். முள்ளைத் தேடினான். மற்றவனைப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

'ஐயா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?'

'ஈ ஓட்டுகிறேன், தம்பி.'